வாசித்தவர் பிழை

ஓடுகிற காரில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் வாசிப்பவனுக்கு முதலில் வேண்டியது நல்ல வயிறு. குரல், கண், கணக்கு எல்லாம் அப்புறம்தான். குனிந்த தலை நிமிராமல் ஒன்பது கிலோமீட்டர் வாசிக்க வேண்டும். வண்டி குதிக்கும்போதெல்லாம் காலையில் சாப்பிட்டதும் கூடவே குதிக்கும். வண்டி ஏறுகிற நாளில் நான் இரண்டு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தவன் என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

தமிழில் எழுதுகிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் தெலுங்கில் மாற்றிக்கொள்வார். எனக்குத் தெலுங்கு பேச வரும் என்றாலும் இந்த மாதிரி காரியத்தைச் சொந்த பாஷையில் எழுதினால்தான் பிழை வராது. தோள்பட்டை எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிரஹ்லாத். ஊர் திருப்பதி. அப்பா சக்ரபாணி, கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் நிற்பவர். தாத்தாவும் அங்கேதான் நின்றார். நாங்கள் நான்கு பிள்ளைகள். கோயில் ஒரு குடும்பத்தைத் தாங்கும், நான்கைத் தாங்காது. தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு தேசத்தின் கதவு திறந்ததாகப் பேப்பரில் போட்டார்கள். மூத்தவர்கள் இரண்டு பேர் அந்தக் கதவு வழியாக அமெரிக்கா போனார்கள். மூன்றாமவன் பெங்களூர் வரை போனான். எனக்குக் கம்ப்யூட்டர் வரவில்லை, குரல் மட்டும் இருந்தது. குரலை ஏற்றுமதி செய்ய அப்போது வழி கிடையாது. ஆகவே குப்பத்தில் சம்பத்தின் கிரானைட் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

சம்பத்தின் அப்பா கல் உடைத்தவர். சம்பத் கல்லைக் கப்பல் ஏற்றியவர். இத்தாலிக்குக் கல் விற்கப் போன இடத்தில், மலைப்பாதையில் கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பந்தயம் போவதைப் பார்த்துவிட்டார். சஃபாரி சூட்டில் போனவர், விரல் இல்லாத கையுறையோடு திரும்பி வந்தார். குடுபல்லிக்கு மேற்கே கல் எடுத்து முடித்த குவாரிகளைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் மண் பாதை போட்டார். ராலி கார்களைச் சோதித்துப் பார்க்கிற சொந்தப் பாதை அது. ராலிக்காரர்கள் பந்தயப் பாதையை ஸ்டேஜ் என்பார்கள். ‘பிரைவேட் ஸ்டேஜ்’ என்று ஆளுயரத்துக்குப் போர்டு வைத்தார்.

அந்தப் போர்டுக்குக் கீழேதான் கங்கையாவை முதலில் பார்த்தேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவர், “ஸ்டேஜின்னாங்க, மேடையவே காணோமே சாமி. எப்போ நாடகம்?” என்று கேட்டார்.

நாடகம் அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கியது. ஜப்பான் கார் ஒன்றும், சம்பத் பிறப்பதற்கு முன் செய்த பழைய கார் ஒன்றும் சந்தனம் பூசிக்கொண்டு நின்றன. எல்லாச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஒரு எம்.எல்.ஏ. கொடி அசைத்தார். முதல் ஓட்டத்தில் வண்டி வழுக்கியது அந்தப் பூசணிக்காயில்தான்.

எதற்காகச் சோதனை என்று யாரும் கேட்டதில்லை. ஜெயிப்பதற்காக இல்லை, நாங்கள் எந்தப் பந்தயத்திலும் எட்டாம் இடத்தைத் தாண்டியதில்லை. சனிக்கிழமை தோறும் பெங்களூரிலிருந்து கனவான்கள் வருவார்கள். ஒரே பாதையில் பழைய வண்டியையும் புது வண்டியையும் ஓட்டி, எது எந்த வளைவில் எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். குறித்த காகிதத்தின் மேல் தட்டு வைத்துக் கோழி சாப்பிடுவார்கள். மாலையில் போய்விடுவார்கள். சம்பத் இதை ‘ரிசர்ச்’ என்று சொல்வார்.

என் வேலை வாசிப்பது. இது வெளியாருக்குப் புரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு தெரியாது. புழுதி, மேடு, முகத்தில் அடிக்கிற வெயில். அவருக்கு முன்கூட்டி நான் சொல்ல வேண்டும். வளைவுக்கு நம்பர் உண்டு. ஒன்று என்றால் ஊர்ந்து போக வேண்டிய முடக்கு. ஆறு என்றால் வளைவு இருப்பதையே மறந்துவிடலாம். அதே வளைவு புது வண்டிக்கு ஐந்து, பழைய வண்டிக்கு மூன்று என்று இருக்கும். பழசுக்குப் பிரேக் அவ்வளவுதான். அதனால் புது வண்டிக்குச் சிவப்பு அட்டை நோட்டு, பழைய வண்டிக்கு நீல அட்டை நோட்டு. சம்பத்திடம் நான் முதல் வருஷமே சொல்லிவிட்டேன், கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள் என்று. அவர் அப்படியே பழகிவிட்டார். “நான் குருடன் மாதிரி ஓட்டுவேன் சார், என் கண்ணு அய்யரு வாயில இருக்குது” என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்துக்கொள்வார். நான் ஐயர் இல்லை, ஐயங்கார். இரண்டு தடவை திருத்தினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

எங்கள் மெக்கானிக் சிட்டிபாபு சொல்வான்: “சாமி வாசிக்கிறத கேட்டா காரே தீர்த்தம் வாங்க கைய நீட்டும்பா.” சின்னப் பேச்சுதான். ஆனால் ராலி வட்டாரத்தில் ஓசூரிலிருந்து சென்னை வரை எனக்கு ஒரு பெயர் இருந்தது: வரி தப்பாத ஆள். கல் சம்பத்துடையது, கார் சம்பத்துடையது, கோப்பை கிடைத்திருந்தால் அதுவும் சம்பத்துடையதுதான். எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கங்கையா விஷயத்துக்கு வருகிறேன். அவர் அப்பா காலத்தில் நிலமில்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கர், எங்கள் பாதையின் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. சுற்றியிருந்த எல்லோரும் சம்பத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போனார்கள். கங்கையா கொடுக்கவில்லை.

“வித்துட்டு இன்னா பண்றது சார்? பெங்களூரு போயி எவன் வூட்டுக்கோ வாச்மேனா குந்தணும். அதுக்கு என் நெலத்துக்கே நான் வாச்மேனா இருந்துக்கினு போறேன்.”

சம்பத் சிரித்துவிட்டார். கங்கையாவே ஒரு ஏற்பாடும் சொன்னார். அவர் தினமும் காலையில் மல்பெரி இலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் பாதையைக் குறுக்கே கடந்து பட்டுப்புழுக் கொட்டகைக்குப் போவார். மூட்டை கண்ணை மறைக்கும். “நீங்க ஆரன் அடிங்க, மூணு வாட்டி. நான் நின்னுக்கறேன். அவ்ளோதான்.” இரண்டு நோட்டிலும் அந்த வரியை எழுதிக்கொண்டேன்: ‘குறுக்குப் பாதை, மெதுவாக, ஹாரன் மூன்று.’ நான் வாசிப்பேன், சம்பத் அடிப்பார், கங்கையா நிற்பார். ஐந்து வருஷம் ஒரு கோழி கூட அடிபடவில்லை.

தொண்ணூற்றெட்டு மார்கழியில் ஒரு சனிக்கிழமை, ஜப்பான் கார் கங்கையாவை அடித்தது. அந்த இடத்திலேயே போய்விட்டார். நிலம் முழுக்க இலை.

விசாரணையில் நான் சொன்னது உங்கள் பழைய பைலில் இருக்கும். ஹாரன் அடித்தோம், அவர் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளாடி வந்த மாதிரி இருந்தது. குடித்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதிக்கொண்டவர் உங்களுக்கு முன் இருந்தவர். சம்பத் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “ஆரன் அடிச்சேனா அய்யரே? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலியே” என்றார். அடிச்சீங்க சார் என்றேன். “நீ சொன்னா சரி” என்றார். அவரும் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

கங்கையாவின் மனைவி வெங்கடலட்சுமி காரியம் முடிந்த மறுநாள் ஆபீஸுக்கு வந்தார். பணம் கேட்பார் என்று மேனேஜர் உள்ளே ஒளிந்துகொண்டார். அவர் கேட்டது அது இல்லை.

“அந்தாளு குடிக்கிற ஆளு இல்ல சாமி. ஊரே குடிகாரன்னுது. நீங்க பெருமாள் கோயிலு ஆளு, உங்க வாயில பொய் வராது. ஆரன் அடிச்சீங்களா, அத்த மட்டும் சொல்லுங்க.”

“அடிச்சோம்மா.”

போய்விட்டார். அடுத்த மாதம் திரும்ப வந்து அதையே கேட்டார். அதற்கடுத்த மாதமும் வந்தார். நானும் அதையே சொன்னேன். ஒரே வரியைப் பல தடவை சொல்வது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம்தான். ஆனாலும் களைப்பாக இருந்தது.

இந்த இடத்தில் என் மனநிலையைச் சொல்ல வேண்டும். ஒரு ஏழை மனிதரைக் கார் ஏற்றிக் கொன்றவர் சம்பத். ஸ்டீயரிங் அவர் கையில் இருந்தது, ஹாரனும் அவர் கையில்தான். அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. சனிக்கிழமைகளில் கனவான்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். இது நியாயமா என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் செய்ததற்கு இதுதான் காரணம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது.

ஏப்ரலில் சம்பத் என் அறைக்கு வந்தார். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். கையில் ஒரு கேசட். மார்கழியில் அந்தச் சனிக்கிழமை, பெங்களூர் கனவான் ஒருவர் என் ஹெல்மெட் மைக்கிலிருந்து டேப் ரெக்கார்டருக்கு ஒயர் இழுத்திருந்தார். கோயில் குரலை வீட்டில் போட்டுக் காட்ட வேண்டுமாம். ஊர் மாற்றலாகி, பெட்டி கட்டும்போது கேசட் அகப்பட்டதாம். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று சம்பத்துக்கு அனுப்பிவிட்டார்.

“பத்து வாட்டி கேட்டேன் அய்யரே. நீ அந்த வரிய சொல்லவே இல்ல. அதுக்கு முன்ன இருக்கறத சொல்ற, அதுக்கு அப்பால இருக்கறத சொல்ற. நடுவுல இல்ல. ஆரன் சத்தமும் இல்ல.”

உண்மைதான். அன்று மார்கழி விரதம். குரல் தேன் மாதிரி வந்தது. பதிவாகிறது என்று வேறு தெரியும். ஒரு வரியைக் கொஞ்சம் இழுத்து முடித்தேன். அது காதில் விழுந்து நானே கேட்டுக்கொண்டிருந்த அரை நொடியில், அடுத்த வரி நழுவிவிட்டது. எங்கள் கோஷ்டியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வரி விட்டுப்போனால் நிற்கக் கூடாது, தேடக் கூடாது. வாய் மூடாமல் அதற்கடுத்த வரியில் சேர்ந்துகொள்ள வேண்டும். விட்டதைப் பக்கத்தில் நிற்கிற பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். பெருமாளுக்கு ஒன்றும் குறையாமல் போய்ச் சேரும். யாருக்கு விட்டது என்று யாருக்கும் தெரியாது. ஏழு வயதிலிருந்து அப்படிப் பழகிய வாய். அதற்கடுத்த வரியில் தானாகச் சேர்ந்துகொண்டது. காரில் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக அதைப் பிழை என்று சொல்ல முடியாது. முறைப்படி நான் செய்தது சரி.

சம்பத்துக்கு இதை விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும். திங்கக்கெழம போயி சொல்லிடலாம் அய்யரே, ரெண்டு பேரும். அந்தாளு குடிக்கல, நாமதான் ஆரன் அடிக்கலன்னு. இன்னா செய்வாங்க, செஞ்சிக்கட்டும். அந்தம்மா மூஞ்சிய பாக்க முடியலய்யா” என்றார்.

“என்னைப் பத்தி என்ன சொல்வீங்க?”

“ஒரு வரி வுட்டுட்டன்னு சொல்லுவேன். நானும் யோசிக்காம வுட்டுக்கினு போனேன்னு சொல்லுவேன். இதுல இன்னா இருக்குது, எல்லாருக்கும் ஆவறதுதானே?”

எல்லோருக்கும் ஆகிறதுதான். அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். சம்பத் நல்லவர். அதுதான் சிரமம். கெட்டவராக இருந்தால் பேசி முடித்திருக்கலாம்.

அன்று முழுக்க யோசித்தேன். அவர் ஜெயிலுக்குப் போனால் குவாரியில் வேலை செய்கிற அறுபது குடும்பங்கள் என்ன ஆகும் என்று கவலைப்பட்டேன். அவர் இறந்துபோனால் அதே அறுபது குடும்பங்கள் என்ன ஆகும் என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. சனிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

புதிதாக வந்திருந்த பழைய கார் ஒன்று கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. ஐரோப்பாவில் முப்பது வருஷத்துக்கு முன் ஓடியது. அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருவார், வாசிக்கிறவர் வலது பக்கம். “இதை ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் எல்லாத்தையும் மூடிடலாம் சார், திங்கட்கிழமைக்கு அப்புறம் எங்கே ஓட்டப் போறோம்” என்று நான்தான் சொன்னேன். சம்பத்தின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. கையுறையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

ஆறாவது கிலோமீட்டரில் ஒரு மேடு. மேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் போனால் வண்டி இடது பக்கமாகச் சறுக்கும். அங்கே விற்காமல் போன கிரானைட் கற்கள், ஒவ்வொன்றும் ஒரு அறை அகலம், அடுக்கியிருந்தன. காலை ஆறே முக்காலுக்கு அந்த மேட்டில் சூரியன் நேராகக் கண்ணில் இருக்கும். சிவப்பு நோட்டில் அது ‘மேடு, வலது ஐந்து’. நீல நோட்டில் ‘மேட்டுக்கு முன் பிரேக், வலது மூன்று’.

நான் கையில் வைத்திருந்தது நீல நோட்டுதான். அதில் எழுதியிருந்தது மூன்றுதான். என் கண் மூன்றைத் தெளிவாகப் பார்த்தது. “மேடு, வலது ஐந்து” என்று வாசித்தேன்.

சம்பத் ஒரு கணம் தயங்கினார். “அஞ்சா?” என்று இயர்போனில் கேட்டார்.

“ஐந்து” என்றேன்.

அழுத்தினார்.

நான் கால்களை முன்தகட்டில் ஊன்றி, தலையைக் குனிந்து, வலது பக்கம் சாய்ந்துகொண்டேன். வண்டி இடது பக்கத்தைக் கல்லுக்குக் கொடுத்தது. சத்தம் நின்ற பிறகு புழுதி அடங்க நெடுநேரம் ஆனது. சம்பத் பக்கம் திரும்பவில்லை. இன்னும் மூன்று கிலோமீட்டர் பாக்கி இருந்தது. பாதியில் நிறுத்திப் பழக்கம் இல்லாததால், மிச்ச வரிகளை மனதுக்குள் வாசித்து முடித்தேன். அதற்குள் சிட்டிபாபு ஓடிவந்துவிட்டான்.

பெருமாள் நினைத்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்கும் இடம் விட்டுத்தான் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். வெங்கடலட்சுமியும் வந்தார். பழைய கேள்வியைக் கேட்கத்தான் வந்திருப்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “நீங்க அத்தினி வாட்டியும் ஒரே மாதிரிதான் சொன்னீங்க. அப்போ அந்தாளுதான் எனக்குத் தெரியாம குடிச்சிருக்காரு போல” என்றார். என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவருக்கு ஒரு முடிவு கிடைத்ததே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தக் கேசட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். சம்பத்தின் மேஜையிலிருந்து எடுத்தது. எரித்துவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்பு வரை கொண்டுபோனேன். மனசு வரவில்லை. அந்த ஒரு வரியை விட்டால், நான் வாசித்ததிலேயே அதுதான் சிறப்பானது. நிதானமாகக் கேளுங்கள்.

இப்போது ஏன் நானாக வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். மனசாட்சியா என்றீர்கள். போன வாரம் பெங்களூரிலிருந்து மோட்டார் சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் கொண்ட கமிட்டியின் அறிக்கை வந்தது. அந்த மூவரில் ஒருவருக்கும் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. பாதையை அளந்தார்கள், நீல நோட்டைப் பார்த்தார்கள், என்னிடம் அனுதாபமாகப் பேசினார்கள். ‘நோட்டில் மூன்று என்று தெளிவாக இருந்தும் ஐந்து என்று வாசிக்கப்பட்டது. விபத்துக்குக் காரணம்: வாசித்தவர் பிழை.’ இதை நகல் எடுத்து எல்லா ராலிக்காரர்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பேப்பரிலும் வந்துவிட்டது. திருப்பதியிலிருந்து அப்பா போன் செய்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. “மூணை அஞ்சுன்னு வாசிச்சுட்டியாமேடா. நம்மாத்துல யாருக்கும் அப்படி ஆனதில்லையே” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை, சார்.

எந்தச் செக்ஷன் வேண்டுமானாலும் போடுங்கள், மறுக்க மாட்டேன். சம்பத்தை நான் கொன்றேன். யோசித்து, நாள் குறித்து, இடம் பார்த்துக் கொன்றேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த அறிக்கையில் ‘பிழை’ என்கிற சொல்லை அடித்துவிட்டு, ‘வேண்டுமென்றே வாசிக்கப்பட்டது’ என்று எழுதச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

கங்கையா கேஸ் முடிந்துபோன கேஸ். அதில் இருப்பதை யாரும் கிளற வேண்டியதில்லை. அவர் குடித்திருந்தார் என்றே இருக்கட்டும். அவருக்கு என்ன, காப்பாற்றிக்கொள்ள ஒரு பெயரா இருந்தது.